குளுகோர் வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகள்: எதை வைத்து ஒப்பிடுவது?

ஆறாம் ஆண்டுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஆண்டின் பிற்பாதி வந்துவிட்டால் பேச்சு ஒன்றுதான்: அடுத்து எந்தப் பள்ளி? பினாங்குத் தீவில் குளுகோர், சுங்கை நிபோங், பாயான் பாரு என்று நீளும் புறநகர்ப் பகுதியில் இந்தப் பேச்சுக்குத் தீனி போட வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றும். யார் தயாரித்தார்கள், எந்த ஆண்டின் கணக்கு என்ற விவரம் அதில் இருக்காது. உச்சியில் இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் முழுத் தங்கும் பள்ளிகளும் மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளும்தான். அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு பெற வேண்டும், இடமும் கிடைக்க வேண்டும். நாம் குடியிருக்கும் தாமானுக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தேசிய இடைநிலைப்பள்ளிகள் பட்டியலின் நடுவிலோ கீழேயோ கிடக்கும். நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் போகப் போவது அங்கேதான்.

அந்தப் பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இன்று பெற்றோருக்குக் கிடைக்கும் ஒரே பொது எண் எஸ்.பி.எம். சராசரி. பிள்ளை உள்ளே நுழைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து எழுதும் தேர்வின் எண் அது. படிவம் 1 முதல் 3 வரை பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி அது வாய் திறப்பதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளை நிமிர்வதும் சரிவதும் அந்த மூன்று ஆண்டுகளில்தான் என்பது என் எண்ணம். அதனால் அந்த எண் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இடையில் இருந்த அளவுகோல்கள் போய்விட்டன

ஒரு காலத்தில் வழியில் மூன்று மைல்கற்கள் இருந்தன. ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர்., படிவம் மூன்றில் பி.எம்.ஆர்., படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். பி.எம்.ஆர். இடத்துக்கு 2014-இல் பிடி3 வந்தது. 2020-இல் பெருந்தொற்றால் யு.பி.எஸ்.ஆர்., பிடி3 இரண்டும் ரத்தாயின. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். ஒரேயடியாக எடுக்கப்பட்டது, 2022-இல் பிடி3-உம் போனது. 2019-இல் நடந்ததே இரண்டுக்கும் கடைசித் தேர்வு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், 2025-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். அணிதான் அதற்கு முன் எந்தப் பொதுத்தேர்வும் எழுதாமல் பள்ளியைக் கடந்த முதல் அணி.

யு.பி.எஸ்.ஆர். போனதற்காக நான் கண்ணீர் விடவில்லை. தமிழ்ப்பள்ளி வாசலில் முதலில் 7ஏ என்றும், 2016-க்குப் பிறகு 8ஏ என்றும் படங்களோடு பதாகை கட்டிய காலத்தில், அந்தப் பதாகையில் இடம்பெறாத பிள்ளைகள் தலை குனிந்துதான் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அந்தத் தேர்வுகள் ஒரு வேலையைச் செய்தன: ஒரு பள்ளிக்குள் எந்த நிலையில் பிள்ளைகள் வந்தார்கள், நடுவில் எந்த நிலையில் இருந்தார்கள் என்று வெளியே இருப்பவர்கள் அறிய ஒரு வழி இருந்தது. இப்போது அது இல்லை.

பதிலுக்கு வந்தவை இரண்டு. ஒன்று, ஆசிரியர் ஆண்டு முழுக்கக் கவனித்து அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கும் வகுப்பறை மதிப்பீடு. இன்னொன்று, 2022/2023 கல்வித் தவணையிலிருந்து நடக்கும் ஆண்டிறுதித் தேர்வு. இரண்டிலும் தாளைத் திருத்துவதும் நிலையைக் குறிப்பதும் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்களே. ஒரு பள்ளியில் கண்டிப்பான ஆசிரியர் போட்ட 4, இன்னொரு பள்ளியில் தாராளமான கைக்கு 5 ஆகியிருக்கும். பிள்ளை தன் பழைய நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க இந்த மதிப்பீடு பயன்படும். இரண்டு பள்ளிகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்க அதனால் ஒரு பயனும் இல்லை.

சராசரி சொல்லும் பாதிக் கதை

ஆக மிஞ்சியிருப்பது எஸ்.பி.எம். மட்டுமே. பள்ளிச் சராசரி எப்படிப் போடப்படுகிறது என்பது பெற்றோரில் பலருக்கும் தெளிவில்லாத விஷயம். எண் சிறியதாக இருந்தால் நல்லதா, பெரியதாக இருந்தால் நல்லதா என்பதிலேயே குழப்பம் உண்டு. ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு புள்ளி. ஏ பிளஸ் 0, ஏ 1, ஏ மைனஸ் 2, பி பிளஸ் 3, பி 4, சி பிளஸ் 5, சி 6, டி 7, இ 8, தோல்வியான ஜி 9. எல்லா மாணவரும் எல்லாப் பாடத்திலும் பெற்ற புள்ளிகளின் சராசரியே பள்ளியின் எண். சிறியதே மேல். நாட்டின் சராசரி 2023-இல் 4.60, 2024-இல் 4.49. உங்கள் வட்டாரப் பள்ளி 5.1 என்றால் நாட்டுச் சராசரியைவிடப் பின்தங்கியது என்று பொருள். 3.8 என்றால் நல்ல பெயர் எடுத்த பள்ளி.

இங்கேதான் நிதானம் வேண்டும். இரண்டு கற்பனைப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நூறு பேர் எஸ்.பி.எம். எழுதுகிறார்கள். முதல் பள்ளிக்குப் படிவம் ஒன்றிலேயே நன்றாகப் படிக்கும் 80 பேரும் தட்டுத்தடுமாறும் 20 பேரும் வந்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் அந்த 80 பேரின் சராசரி 3.0; 20 பேரின் சராசரி 7.0. மொத்தத்தில் 3.8 வரும். இரண்டாவது பள்ளிக்கு வந்ததில் நன்றாகப் படிப்பவர் 30 பேர், தடுமாறுபவர் 70 பேர். அந்த 30 பேரின் சராசரி 2.6, 70 பேரின் சராசரி 6.2. மொத்தம் 5.12.

இப்போது மீண்டும் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இரண்டாவது பள்ளியே மேல், தடுமாறும் பிள்ளைக்கும் இரண்டாவது பள்ளியே மேல். ஆனால் பட்டியலில் அது எங்கோ கீழே கிடக்கும். முதல் பள்ளியின் 3.8 பதாகையில் ஏறும். கணக்கில் எந்த ஏமாற்றும் இல்லை. யார் உள்ளே வந்தார்கள் என்பதும் பள்ளி என்ன செய்தது என்பதும் ஒரே எண்ணில் கலந்துவிட்டன, அவ்வளவுதான். வந்த பிள்ளைகளின் ஆரம்ப நிலை தெரியாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. அந்த ஆரம்ப நிலையைக் காட்டிய யு.பி.எஸ்.ஆர்.தான் இப்போது இல்லை.

சராசரியை அசைக்கும் வேறு கைகளும் உண்டு. படிவம் நான்கில் தங்கும் பள்ளிகளுக்குப் போய்விடும் கெட்டிக்காரர்கள், மூன்று ஆண்டு தங்களை உருவாக்கிய வட்டாரப் பள்ளியின் கணக்கில் சேர மாட்டார்கள். எதிர்த்திசையில், படிவம் மூன்றோடு படிப்பை விட்டுப் பட்டறைக்கோ பேரங்காடிக்கோ வேலைக்குப் போன பையனும் கணக்கில் இல்லை. அவன் இருந்திருந்தால் சராசரி இறங்கியிருக்கும். அவன் போனது, தாளில் பார்த்தால், பள்ளிக்கு நன்மை. நம் சமூகத்தில் இந்த இரண்டாவது வகை எவ்வளவு பெரிய விஷயம் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஒரு பள்ளியைப் பற்றி விசாரிக்கும்போது சராசரியைக் கேட்கும் முன், படிவம் ஒன்றில் எத்தனை வகுப்புகள், படிவம் ஐந்தில் எத்தனை வகுப்புகள் என்று கேட்டுப் பார்க்கலாம். எண்ணிக்கை நன்றாகச் சுருங்கியிருந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது அடுத்த கேள்வி.

கடினமான பாடங்களை யாருக்குத் தருகிறார்கள் என்பதும் எண்ணை மாற்றும். கூடுதல் கணிதத்தையும் பௌதிகத்தையும் நிச்சயமாகத் தேறக்கூடியவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் பள்ளியின் சராசரி அழகாகும். ஒரு சி வாங்கியாவது அந்தப் பாடத்தைக் கடந்து பாலிடெக்னிக்கில் பொறியியல் படிக்க நினைத்த பிள்ளைக்கு அந்த அழகால் ஒரு பயனும் இல்லை.

உண்மையில் எத்தனை பள்ளிகள் கையில் இருக்கின்றன

ஒப்பிடுவது என்றால் எல்லாப் பள்ளியும் நமக்குத் திறந்திருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். அப்படியில்லை. அரசாங்க இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 இடத்தை ஒதுக்குவது கல்வி இலாகா. எந்த ஆரம்பப்பள்ளியின் மாணவர் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போவது வழக்கம், வீடு எங்கே, இடம் இருக்கிறதா என்பவையே பெரும்பாலும் முடிவு செய்யும். குளுகோரில் இருக்கும் சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும், சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் கைக்கெட்டும் பள்ளிகள் வேறு வேறு. குளுகோர் தீமோர் லாவுட் மாவட்டத்தைச் சேர்ந்தது. சற்றுத் தெற்கே பாயான் பாரு பாராட் டாயா மாவட்டம். சாலையில் பத்து நிமிடத் தூரம்தான், ஆனால் மாவட்டக் கல்வி அலுவலகம் இரண்டு. எல்லை தாண்டி இடம் கேட்பவர்கள் இதை முதலிலேயே மனத்தில் வைப்பது நல்லது.

அதற்கு மேல் ஆண், பெண் பள்ளிகள். ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில், இன்னும் எல்லார் வாயிலும் கிரீன் லேன், இருக்கும் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் ஐந்தாம் படிவம் வரை பையன்களின் பள்ளி. கான்வென்ட் கிரீன் லேன் பெண் பிள்ளைகளுக்கு. ஹமீட் கான், புக்கிட் ஜம்புல் போன்ற தேசிய இடைநிலைப்பள்ளிகளில் இருபாலரும் சேர்ந்து படிக்கிறார்கள். அண்ணனுக்கு நன்றாக அமைந்த பள்ளி தங்கைக்குக் கிடைக்காமல் போகலாம். காலையில் இரண்டு திசையில் வண்டி ஓட்ட வேண்டியும் வரலாம்.

பழைய பெயர் பெற்ற பள்ளிகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் முன்னாள் மாணவர் சங்கம் பெரிய பலம். மண்டபக் கூரை, விளையாட்டுத் திடல், நூலகக் குளிர்சாதனம் என்று அமைச்சின் ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்காமல் பணம் திரளும். எழுபதுகளுக்குப் பிறகு வீடமைப்புப் பகுதிகளோடு எழுந்த பள்ளிகளுக்கு அப்படி ஒரு பாரம்பரியம் இல்லை. அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கம்தான் எல்லாம். ஆண்டுக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைக் கேட்டாலே ஒரு புதிய பள்ளியின் நாடித்துடிப்பு தெரிந்துவிடும். (அந்தக் கூட்டத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பது வேறொரு வருத்தம்.)

மொழி மாறும் முதல் ஆண்டு

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, எல்லாமே ஆரம்பப்பள்ளிகள். தமிழில் நடக்கும் அரசாங்க இடைநிலைப்பள்ளி நாட்டில் எங்கும் இல்லை. பினாங்கில் ஒன்று தொடங்க வேண்டும் என்று மாநில அரசுத் தரப்பிலிருந்தே கோரிக்கை எழுந்தும் கூட்டரசின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகவே ஆறு ஆண்டு கணிதத்தையும் வரலாற்றையும் நன்னெறியையும் தமிழில் படித்த பிள்ளை, ஒரு விடுமுறை கழிந்ததும் எல்லாவற்றையும் மலாயில் படிக்க உட்காருகிறது. பின்னம், விகிதம், ஒளிச்சேர்க்கை எல்லாம் அதற்குத் தெரியும். கேள்வித்தாளில் இருப்பது அதுதான் என்று கண்டுபிடிக்கத்தான் சில மாதங்கள் பிடிக்கின்றன. கணிதத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் படிவம் ஒன்றின் முதல் தேர்வில் சறுக்கினால் பல நேரம் காரணம் இதுதான்.

2016-இல் வந்த இருமொழித் திட்டம், டி.எல்.பி. என்று எல்லாரும் சொல்வது, இதில் இன்னொரு முடிச்சைப் போட்டது. அதன்படி சில பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழ்ப்பள்ளிகள் சிலவும் அதில் சேர்ந்தபோது நம் சமூகத்தில் எழுந்த விவாதம் இன்னும் ஆறவில்லை. விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். நடைமுறையில், தமிழ்ப்பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படித்த பிள்ளை, டி.எல்.பி. இல்லாத இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாயில் புதிதாகத் தொடங்க வேண்டும். தமிழில் படித்த பிள்ளை டி.எல்.பி. வகுப்பில் விழுந்தால் ஆங்கிலத்தில் தொடங்க வேண்டும். எந்தப் பள்ளியில் அந்த வகுப்பு இருக்கிறது, எத்தனை வகுப்புகளுக்கு, யாரை அதில் சேர்க்கிறார்கள் என்பதை ஒப்பீட்டில் முதல் வரிசையில் வைப்பேன். எஸ்.பி.எம். சராசரியில் 0.3 வித்தியாசத்தைவிட இது ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அன்றாடத்தை அதிகம் தீர்மானிக்கும்.

மலாய் மொழியில் தடுமாறும் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவருக்காகவே புகுமுக வகுப்பு என்ற ஓராண்டு ஏற்பாடு உருவானது. அதை ஒரு தண்டனையாகப் பார்க்கும் பெற்றோர் நிறைய. "ஒரு வருசம் வீணாப் போச்சு" என்று சொல்வார்கள். நன்றாக நடத்தப்பட்ட புகுமுக வகுப்பு வீண் இல்லை. ஆசிரியரே இல்லாமல் நேரம் கடத்தும் வகுப்புதான் வீண். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றுப் பாடத்துக்கும் அதே விதி. எட்டுப் பாடத்தில் நல்ல தரம் வாங்கி, மலாயில் மட்டும் தவறினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் மலாயில் பின்தங்கி வரும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வியைப் பள்ளி முதல்வரிடம் நேரடியாகவே கேட்கலாம். தெளிவான பதில் வருகிறதா, மழுப்பல் வருகிறதா என்பதே பாதிப் பதில்.

வகுப்புப் பிரிப்பும் இதோடு சேர்ந்தது. பூவின் பெயரோ நிறத்தின் பெயரோ வைத்திருந்தாலும், எது முதல் வகுப்பு, எது கடைசி வகுப்பு என்பது ஒரே வாரத்தில் மாணவருக்குத் தெரிந்துவிடும். மலாய் பலவீனத்தால் மட்டும் கடைசி வகுப்பில் விழுந்த கெட்டிக்காரப் பிள்ளை அங்கேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆண்டு நடுவிலோ அடுத்த ஆண்டோ மதிப்பெண் பார்த்து மாற்றுகிறார்களா, ஒருமுறை போட்டால் போட்டதுதானா? இந்தத் தகவல் எந்தப் பட்டியலிலும் வராது. அதே பள்ளியில் படிவம் இரண்டு, மூன்றில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும்.

தமிழ் வகுப்பு அட்டவணையில் இருக்கிறதா

1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-இல் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கினார். இந்த நாட்டில் முறையான தமிழ் வகுப்பு தொடங்கியது அந்தப் பள்ளியில்தான் என்ற கணக்கில், 2016-இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200 ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. நகரத்தில் பார்க்குவார் சாலையில் இருந்த பள்ளி 1928-இல் கிரீன் லேனுக்கு இடம் மாறியது. ஆக இந்த வட்டாரத்துப் பெற்றோர் ஒரு இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்பது யாரிடமும் கெஞ்சிப் பெறும் சலுகை இல்லை; அதற்கு இங்கே இரண்டு நூற்றாண்டு வயது.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று வரையறுக்கும்போதே, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் அல்லது சீன மொழி கற்பிக்க வசதி செய்யப்படும் என்று சொல்கிறது. அரபு, ஜப்பானியம், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு "நியாயமாகவும் நடைமுறையில் இயன்றும் இருந்தால்" என்ற வகையில் ஒரு நிபந்தனையை வைக்கும் அதே வரையறை, தமிழுக்கும் சீனத்துக்கும் பெற்றோரின் கோரிக்கையை மட்டுமே வைக்கிறது. பதினைந்து என்பது ஒரு வகுப்புக்கான எண்ணிக்கை இல்லை. பள்ளி முழுவதற்குமான எண்ணிக்கை. ஐந்து படிவத்திலும் சேர்த்துப் பதினைந்து பெற்றோர் கையெழுத்து வாங்க முடியாத பள்ளிகள் குளுகோர், பாயான் பாரு பக்கம் அதிகம் இருக்காது.

சட்டம் இருப்பதும் வகுப்பு நடப்பதும் ஒன்றல்ல என்பதை எல்லாரும் அறிவோம். சில பள்ளிகளில் தமிழ் வழக்கமான கால அட்டவணைக்குள்ளேயே இருக்கும். தமிழ் படிக்காதவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு பாடம் நடக்கும். சில பள்ளிகளில் பள்ளி முடிந்த பிறகு, பசியோடும் தூக்கத்தோடும் உட்கார வேண்டிய வகுப்பு. இன்னும் சில இடங்களில் தமிழாசிரியரே கிடையாது, ஆனால் எஸ்.பி.எம்.மில் தமிழை எழுத விரும்புபவர்கள் வெளியே படித்துக்கொண்டு வந்து தேர்வுக்குப் பதிவு செய்கிறார்கள். தாளில் மூன்றுமே "தமிழ் உண்டு" என்ற கணக்கில்தான் வரும். பிள்ளைக்கோ மூன்றும் மூன்று வாழ்க்கை. பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்புக்கு வேன்காரர் காத்திருக்க மாட்டார். வேனுக்காகத் தமிழை விட்ட பிள்ளைகள் எத்தனையோ.

ஆசிரியர் யார் என்பதையும் கேட்க வேண்டும். தமிழுக்கென்றே பயிற்சி பெற்றவரா, வேறு பாடம் போதிக்கும் தமிழரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்களா? இரண்டாமவர் மனம் வைத்தால் அற்புதமாக நடத்தக்கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கு மாற்றல் வந்தால் வகுப்பும் அவரோடு போய்விடும்.

பிறகு படிவம் நான்கு. 2020-இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிளவு எடுக்கப்பட்டு, அறிவியல் தொழில்நுட்பப் பாடங்களும் மானுடவியல், கலைப் பாடங்களும் தொகுப்புகளாக வந்தன. மாணவர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது கொள்கை. எந்தத் தொகுப்பை நடத்த ஆசிரியர் இருக்கிறாரோ அதைத்தான் பள்ளி தரும் என்பது நடைமுறை. இங்கேதான் தமிழ் மாட்டிக்கொள்கிறது. பௌதிகம், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் எல்லாம் இருக்கும் வகுப்பின் அட்டவணையில் தமிழுக்குப் பொந்து இல்லாமல் போகும். தமிழ் வேண்டுமென்றால் இன்னொரு பாடத்தை விடு என்ற நிலை வரும். தமிழில் ஏ வாங்குவது கடினம், விட்டுவிடு என்று அறிவுரை சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. பிள்ளைமேல் அக்கறையில் சொல்பவர்கள் சிலர், பள்ளிச் சராசரிமேல் அக்கறையில் சொல்பவர்கள் சிலர்.

2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்துவது என்று அரசு முடிவெடுத்தபோது தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று நம்மவர்கள் குரல் எழுப்பினார்கள். அதன் விளைவாக மேலும் இரண்டு பாடங்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியைப் பயன்படுத்தித் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் ஒரு பள்ளியில் இருக்கிறார்கள் என்றால், அங்கே யாரோ ஒரு ஆசிரியர் சனிக்கிழமையையும் விட்டுக்கொடுத்து உழைக்கிறார் என்று துணிந்து ஊகிக்கலாம். எந்தத் தரவரிசையையும்விட இந்த ஒரு தகவலை நான் அதிகம் மதிப்பேன்.

மதிய வகுப்பும் மற்றவையும்

மாணவர் அதிகமுள்ள புறநகர்ப் பள்ளிகள் பல இரண்டு வேளையாக நடக்கின்றன. மேல் படிவங்கள் காலையில். படிவம் 1-உம் 2-உம் மதியம் ஒரு மணி வாக்கில் தொடங்கி மாலை ஆறரை வரை. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்குக் குறைவில்லை. அம்மா காலை ஷிப்டுக்குப் போனால், மதிய வகுப்புப் பிள்ளை காலை முழுவதும் பிளாட்டில் தனியாக, கைப்பேசியோடு இருக்கும். மாலை பள்ளி விடும் நேரமும் பினாங்குப் பாலத்துக்குப் போகும் வண்டிகள் நெரியும் நேரமும் ஒன்று. தேவாரம், நடனம், கால்பந்து, டியூஷன் எல்லாம் மாலையில் இருக்கும் ஊரில், மதிய வகுப்புப் பிள்ளைக்கு அவை எதுவும் இல்லை. சராசரி சற்றுக் குறைந்த, ஆனால் ஒரே வேளையாக நடக்கும் பள்ளி வீட்டருகில் இருந்தால் தூரத்துப் பெயர்பெற்ற பள்ளியின் மதிய வகுப்பைவிட அதை நான் தேர்ந்தெடுப்பேன். தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும் குடும்பம் வேறு முடிவுக்கு வரலாம்.

புறப்பாடத்தை விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு கணக்கு: அரசுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என மூன்றிலும் பதவியும் போட்டி நிலையும் புள்ளியாகின்றன. பெரிய, பெயர்பெற்ற பள்ளியில் சாரணர் தலைவன் ஆவதற்குப் போட்டி கடுமை. சிறிய பள்ளியில், தமிழ்மொழிக் கழகம் இருக்கும் பள்ளியில், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் செயலாளர் பதவி கிடைக்க வழி உண்டு.

பகடிவதை, ஒழுங்குப் பிரச்சினை பற்றி ஊர் பேசுவதில் பாதி பழைய கதை. பத்தாண்டுக்கு முன் நடந்த ஒரு சண்டையை வைத்து இன்றும் ஒரு பள்ளியைக் குண்டர் பள்ளி என்பார்கள். முதல்வர் மாறினால் பள்ளி இரண்டே ஆண்டில் மாறிவிடும்; நல்லதற்கும் கெட்டதற்கும். இப்போதைய முதல்வர் எப்போது வந்தார், ஓய்வு எப்போது என்பதைத் தெரிந்துகொள்வது பழைய வதந்தியைவிடப் பயன்படும்.

இடம் ஒதுக்கப்பட்டு முடிவு வந்த பிறகு மாற்றம் வேண்டுமானால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். "அந்தப் பள்ளி ரிசல்ட் நல்லாருக்கு" என்பது அங்கே பலமில்லாத காரணம். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம், அதே பள்ளியில் படிக்கும் அண்ணன் அக்கா, உடல்நலம் போன்றவற்றை ஆவணத்தோடு காட்டினால் காதுகொடுத்துக் கேட்பார்கள். முகவரிக்குத் தண்ணீர், மின்சார ரசீது பெற்றோர் பெயரில் இருப்பது உதவும். வாடகை வீடென்றால் ஒப்பந்தப் பத்திரம்.

இடம் உறுதியானதும் பதிவு நாளில் தரும் பாரங்களில் மொழிப் பாடம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். தமிழ் என்று எழுதாத பிள்ளையைப் பள்ளி தமிழ் வேண்டாத பிள்ளையாகவே எண்ணும். ஜனவரியில் போடும் அட்டவணை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். அப்படி ஒரு கட்டமே பாரத்தில் இல்லையென்றால், அதே தமிழ்ப்பள்ளியிலிருந்து அங்கே வந்திருக்கும் மற்றப் பெற்றோரையும், மேல் படிவங்களில் பிள்ளை வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு பதினைந்து பேர் கையெழுத்தோடு மலாயில் ஒரு கடிதம் எழுதி, ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் மாறினாலும் ஆசிரியர் மாறினாலும், அடுத்த கூட்டத்தில் மேசைமேல் வைக்க அந்த நகல் இருக்கும்.